அழச் சொன்னவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத்தான் காரியம் பிழைக்கத் தொடங்கியது. நேரம் இவ்வளவு திட்டமாக நினைவிருப்பதற்குக் காரணம், வாவியைக் கடந்த அவ்வளவு நேரமும் நானும் அண்ணனும் அவனுடைய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்ததுதான். கராட்டி வகுப்பு ஒன்பதரைக்கு. ஒரு நிமிடம் பிந்தினாலும், முஷ்டியைச் சீமெந்துத் தரையில் ஊன்றி ஐம்பது தண்டால் எடுக்க வேண்டும். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. எங்களுக்கு அன்றைக்கு இருந்த ஒரே பயம் அந்த ஐம்பதுதான்.

வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைப் படகைப் 'பாதை' என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சைக்கிளும் நெல்மூட்டையும் தயிர்ச்சட்டியும் ஆட்களும் அதில் ஒன்றாக நின்று வருவோம். எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அங்கே ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் ஆட்சி. வகுப்பு நடந்தது கிழக்கே, எழுவான்கரையில், மூடிக்கிடந்த ஒரு நெசவு நிலையத்தில். அங்கே அரசாங்க ஆமியின் ஆட்சி. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இரண்டு ஆட்சிக்கும் இடையே ஞாயிறுதோறும் வெள்ளைக் கராட்டி உடுப்பை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு நாங்கள் போய்வந்தோம்.

எங்களை அனுப்பியது அம்மா. அவர் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா கட்டாரில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் அவரைக் காண்போம். அண்ணனுக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. பத்து யார் தூரம் ஓடினால் குந்தியிருந்துவிடுவான், நெஞ்சில் விசில் கேட்கும். பட்டணத்து டொக்டர், மூச்சைப் பழக்குகிற மாதிரி ஏதாவது தேகப்பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றார். எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊருக்குள் ஷெல் விழுந்த வருடத்துக்குப் பிறகு, அடுப்படியில் சட்டி மூடி விழுந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுவேன். மாமா எனக்கு வைத்த பெயர் 'ஒப்பாரி'. ஒருவனை மூச்சுக்கு, ஒருத்தியைத் தைரியத்துக்கு என்று அம்மா இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா நிற்கிற பையன்களைத் தேடி ஆட்கள் வந்து கதைத்துவிட்டுப் போவார்கள். கதைத்தபின் சில பையன்கள் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அண்ணன் அக்கரையில் இருந்தால் அம்மாவுக்கு ஒரு நாள் நிம்மதி.

மூன்று வருடத்தில் பலன் தெரிந்தது. அதை மறைக்க மாட்டேன். அண்ணனுக்கு மூக்கால் இழுத்து வயிற்றில் நிறுத்தி வாயால் விடப் பழக்கினார்கள். இழுப்புக்கு விழுங்குகிற குளிசை குறைந்தது, பிறகு நின்றது. தோள் அகன்றது. ஒரே வருடத்தில் ஐந்து அங்குலம் வளர்ந்து, அம்மாவைத் தாண்டி, நிலைக்கதவில் தலை இடித்துக்கொண்டான். குனிந்து நடக்கிற பழக்கம் போய், விளக்குக் கம்பம் மாதிரி நிமிர்ந்தான். நான் ஒப்பாரிப் பட்டத்தை இழந்தேன். விழுந்தாலும் அடிபட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பி, குதிகாலைச் சேர்த்து நின்றேன். அம்மா இதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் இங்கே பட்டணத்தில் கராட்டி வகுப்புக்குப் போகிறாள். போன மாதம் பயிற்சியில் விரல் உடைந்திருக்கிறது. உடைந்த விரலோடு வகுப்பை முடித்து, வீட்டுக்கு வந்து, இடது கையால் சாப்பிட்டாள். ஏன் இடது கை என்று நான் கேட்டபோதுதான் வீங்கிய விரலைக் காட்டினாள். ஆசிரியர் பாராட்டினார். என் கணவர் பாராட்டினார். வகுப்பின் ஆண்டு மலருக்கு, பயிற்சியால் பிள்ளையின் உடலிலும் மனத்திலும் கண்ட மாற்றங்கள் பற்றி அரைப்பக்கம் எழுதித்தரும்படி கேட்டார்கள். நான் உட்கார்ந்தேன். அரைப்பக்கம் எழுத வரவில்லை, இதுதான் வந்தது.

எங்களுக்குப் பழக்கியவரை, பள்ளிக்கூட ஆசிரியரைப்போல, நாங்கள் 'சேர்' என்போம். நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிற வேலை. இருபத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், பகிடிக்காரர். அடிக்க மாட்டார், ஏசவும் மாட்டார். அவரிடம் வேறு ஒரு தந்திரம் இருந்தது. முழங்காலை மடித்துக் குதிரையில் இருப்பதுபோல அரை மணி நேரம் அசையாமல் நிற்க வைப்பார். தொடை நடுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும். அப்போது பக்கத்தில் வந்து, தாயைப்போலக் குனிந்து, "நோகுதா மனே? பரவாயில்ல, அழு. ஆரும் பார்க்கல்ல" என்பார். எங்கள் பக்கத்தில் ஆணையும் பெண்ணையும் 'மனே' என்றுதான் அன்பாகக் கூப்பிடுவார்கள். அந்த அன்பை நம்பி அழுதவர், நெசவு நிலையத்தைப் பத்துத் தரம் சுற்றி ஓட வேண்டும். அழாதவருக்கு அவர் ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அந்தச் சிமிட்டலுக்காக நான் எதையும் தாங்கத் தயாராக இருந்தேன்.

அந்த ஞாயிறு துறையில் இருந்த காவலரணில் நின்றவர்கள் புதியவர்கள். பழைய ஆமிக்காரருக்கு எங்களைத் தெரியும். "ஆ, கராட்டி, கராட்டி!" என்று காற்றில் கையால் வெட்டிக் காட்டிச் சிரித்துவிட்டு, பையைத் திறக்காமலே போகச் சொல்வார்கள். அவர்களை முதல்நாள் மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு அது தெரியாது.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. புதியவர்கள் கடதாசியைப் பார்ப்பதற்கு முதல் உடம்பைப் பார்த்தார்கள். உள்ளங்கை, விரல்கணு, முழங்கை, முழங்கால். ஆயுதம் பழகியவனுக்கு அங்கெல்லாம் அடையாளம் இருக்கும் என்பது அவர்களுடைய எண்ணம். வயல்காரர் கையில் இருக்கிற காய்ப்பு வேறு. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது, விட்டுவிட்டார்கள். அண்ணனின் விரல்கணுக்கள், கயிறு சுற்றிய பலகையில் குத்திக் குத்தி, கறுத்துத் தடித்திருந்தன. சீமெந்தில் மண்டியிட்டிருந்து முழங்கால் இரண்டிலும் யானைத்தோல்.

"இது என்ன?" என்று ஒருவன் உடைந்த தமிழில் கேட்டான்.

"கராட்டி, சேர்!"

துறை முழுக்கக் கேட்டது. கேட்டவரின் கண்ணைப் பார், குதிகாலைச் சேர், உரத்துப் பதில் சொல் என்பது வகுப்பு விதி. வரிசையில் நின்ற மற்ற ஆண்கள் எல்லாரும் தோளை ஒடுக்கி, மணலைப் பார்த்து, தொண்டைக்குள்ளே கதைத்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் ஒருவன்தான் ஒழுங்காக நிற்கிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி உள்ளேயிருந்து வந்தார். நித்திரையில்லாத கண்கள். அண்ணனின் வயதைக் கேட்டார். "பதினாலு, சேர்!" பதினாறு வயதில்தான் அடையாள அட்டை. அண்ணனிடம் இருந்தது பிறப்புச் சான்றிதழின் பிரதி. அதிகாரி கடதாசியைப் பார்த்தார். நிமிர்ந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார். நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பையிலிருந்து வெள்ளை உடுப்பை எடுத்து விரித்து, மண்ணிறப் பட்டியைத் தடவி, திரும்ப மடித்து வைத்தார். விடப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கடதாசியை நீட்டுகிறவர்போல ஒரு கையை நீட்டி, மறு கையால் அண்ணனின் நெஞ்சில் திடீரென்று ஒரு தள்ளு தள்ளினார்.

வேறு எந்தப் பையனும் பின்னால் விழுந்திருப்பான். விழுந்து, எழும்பி, மண்ணைத் தட்டியிருப்பான், அதோடு முடிந்திருக்கும். அண்ணன் விழவில்லை. இடது கால் தானாகப் பின்னே போய் ஊன்றியது, இடுப்பு தாழ்ந்தது, வலது கை எழுந்து அதிகாரியின் மணிக்கட்டை வெளியே தட்டிவிட்டது. அவன் நினைத்துச் செய்யவில்லை. மூன்று வருடமாக அந்த உடம்புக்குச் சொல்லிக்கொடுத்ததை உடம்பு செய்தது.

ஆமிக்காரர்களின் துவக்குகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. அண்ணனைக் கொலரில் பிடித்து, மண்மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய், வெயிலில் முழந்தாளில் இருத்தினார்கள். எனக்கு அவனுடைய குதிகால்கள் மட்டும் தெரிந்தன. பகல் இரண்டு மணிக்கு ட்றக் வரும், அதில் முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று வரிசையில் யாரோ சொன்னார். ட்றக்கில் ஏறியவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது, அவர்கள் ஏறினார்கள் என்பது மட்டும்தான்.

என்னை ஒருவரும் தடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பூவரச மரத்தின் கீழ், காவலரணைப் பார்த்தபடி, குதிகாலைச் சேர்த்து நின்றேன்.

தயிர் விற்கப் போகிற ஒரு அம்மாள் தலையிலிருந்த சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"உன்ட அண்ணனாகா அவன்?"

"ஓம்."

"அப்ப நீ என்னகா மரம் மாதிரி நிக்காய்? அழு. சத்தம் போட்டு அழு. சின்னப் பொட்டப் புள்ள அழுதா அவனுகளுக்கும் மனசு இளகும். அவனுகளுக்கும் தங்கச்சி இரிக்கும்."

"நான் அழ மாட்டன்."

"அழ மாட்டியா?"

"அழக் கூடாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பின்தொடையில் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். தயிர்ச்சட்டி தூக்குகிற கை. சதை பிய்ந்துபோகிற கிள்ளு. நான் மூக்கால் இழுத்து வயிற்றில் நிறுத்தினேன். அவள் இன்னொரு முறையும் கிள்ளிப் பார்த்தாள்.

"பாருங்கடி இத! கல்லுப் புள்ளகா இது. இத எந்தக் கல்லுல கொத்தினாளோ பெத்தவ!" என்று மற்றப் பெண்களுக்குச் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். மீன்கூடைக்காரி ஒருத்தி, "அவள விடுகா, அவளுக்கு விறைச்சுப்போச்சு" என்றாள். எனக்கு விறைக்கவில்லை. நான் நன்றாகத்தான் நின்றேன். காவலரணில் இருந்த ஆமிக்காரன் ஒருவன் என்னைப் பார்த்தபோது, நானும் அவன் கண்ணைப் பார்த்தேன். அவன்தான் முதலில் பார்வையை எடுத்தான். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

தயிர்க்காரி சும்மா இருக்கவில்லை. திரும்பிப் போகிற பாதைக்காரனிடம் எங்கள் வீட்டைச் சொல்லி அனுப்பினாள். சைக்கிளில் வந்த ஒருவரை நெசவு நிலையத்துக்குத் துரத்தினாள்.

பத்தரைக்குச் சேர் வந்தார். கையில் எங்கள் பெயர்கள் எழுதிய வகுப்பு இடாப்பு. சைக்கிளைத் தூரத்திலேயே சாத்திவிட்டு நடந்து வந்தார். நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன், எங்களுக்கெல்லாம் விதி சொன்னவர் இந்த அதிகாரியின் முன்னால் எப்படி நிற்கப்போகிறார் என்று. அவர் செருப்பைக் கழற்றினார். தோளைக் குறுக்கினார். முதுகில் கூன் விழுந்தது. மணலைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு, எனக்குக் கேட்காத குரலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதிகாரி ஒரு அடி முன்னே வைத்தார். சேர் இரண்டு அடி பின்னே வைத்தார். அதிகாரி அவருடைய விரல்கணுக்களையும் பார்த்தார். இடாப்பை வாங்கிக்கொண்டு, அவரையும் அந்தப் பக்கம் இரு என்று காட்டினார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சேர் பயந்தாங்கொள்ளி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில், தண்ணீர் குடிக்கப் போகிற சாட்டில், அவர் என் பக்கமாக வந்தார். குனிந்தார்.

"மனே, அழு."

நான் அவரைப் பார்த்தேன்.

"அழு மனே. இப்ப அழலாம். ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

அதே குரல். அதே குனிவு. இத்தனைக்கு நடுவிலும் என்னைச் சோதிக்கிறார் என்று விளங்கியதும், அவர்மேல் எனக்கிருந்த வெறுப்பெல்லாம் போய்விட்டது. அப்படியென்றால் நிலைமை அவருடைய கைக்குள்தான் இருக்கிறது! கூனி நிற்பதும் கும்பிடுவதும்கூட ஏதோ தந்திரமாக இருக்க வேண்டும். நான் தாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தேன். ஒரு சிமிட்டலுக்காகக் காத்திருந்தேன்.

சேர் கண்ணைச் சிமிட்டவில்லை. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அழுதது அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது வியர்வை என்று நினைத்தேன்.

பதினொன்று. பதினொன்றரை. மண்மூட்டைக்குப் பின்னால் அண்ணன் இருமினான். பிறகு இருமல் நிற்கவில்லை. நடுவில் அந்தப் பழைய விசில் கேட்டது. அவன் நெஞ்சில் அது கேட்டு இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மூக்கால் இழு, வயிற்றில் நிறுத்து என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவனுக்குக் கேட்கும் என்று நம்பினேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் பாதை வந்து முட்டியது. அது சரியாக நிற்பதற்கு முன்னரே அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார். சேலை உடுக்காமல் வாசற்படி தாண்டாதவர், அன்றைக்கு வீட்டுச் சட்டையோடு, முடி அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தார். ஆமிக்காரன் ஒருவன் நிற்கச் சொன்னது அவருடைய காதில் விழவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

நான் நிமிர்ந்து அறிக்கை சொன்னேன். "அம்மா, நான் ஒரு சொட்டும் அழல்ல. சேர் சொல்லியும் அழல்ல."

அம்மா சேரைப் பார்த்தார். சேர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாராட்டு வரும் என்று நான் காத்திருந்த நேரத்தில்தான் அறை விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு. அம்மா அதற்கு முன் என்னை அடித்ததில்லை. அடியைத் தடுக்க எனக்குத் தெரியும். மூன்று வருடம் பழகியிருந்தேன். ஆனால் அம்மாவின் கை வருகிறபோது என் கை எழும்பவில்லை. வாய் தானாகத் திறந்தது. எங்கே கிடந்ததோ அவ்வளவு அழுகையும். என் சத்தத்துக்கு நானே பயந்து, பயந்ததில் இன்னும் பெரிதாகக் கத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் மணலில் விழுந்தார். வகுப்பறையில் வெண்கட்டி விழுந்தால்கூடக் குனிந்து எடுக்காத அம்மா அவர். அவரும் கத்தினார், நானும் கத்தினேன். தயிர்க்காரியும் மீன்கூடைக்காரியும் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி அம்மாவைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தார். ஏதோ கேட்டார். "வயசு?" என்று உடைந்த தமிழ்க்காரன் மொழிபெயர்த்தான். விக்கலில் எனக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினேன்.

அவர் வாவிப் பக்கம் திரும்பினார். போகச் சொல்லிக் கையை வீசினார். அண்ணனை விட்டார்கள். சேரையும் விட்டார்கள், இடாப்பைக் கொடுக்கவில்லை. அழுகையால் விட்டாரா, இடாப்பில் எங்கள் பெயர் இருந்ததால் விட்டாரா, அந்தப் பெயர்களைச் சரிபார்த்து அலுத்துப்போய் விட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு மேலாக நான் நிமிர்ந்து நின்றதால் விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

திரும்புகிற பாதையில் அண்ணன் மூட்டைகளின்மேல் சாய்ந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தான். அம்மா ஒரு கையால் அவனுடைய முதுகைத் தடவினார். மறு கையால், விரல் பதிந்திருந்த என் கன்னத்தைத் தொட்டார். அண்ணனைக் காப்பாற்றாமல் நின்றதற்குத்தான் அடித்தார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார். அவருடைய சத்தம் கம்மிப்போயிருந்தது. அவர் கேட்டது ஒரு கேள்வியா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

"என்னத்துக்கு மனே, அவ்வளவு நேரமும் நல்ல புள்ளையா நிண்ட நீ?"